ஐஸ் தண்ணீரில் முகம் வைத்தால் இதயம் என்ன செய்யும்? மருத்துவ மாணவர்களின் லேபுக்குள் போகலாம் வாங்க!

வணக்கம் மக்களே! ஒரு பேசின் நிறைய ஐஸ் தண்ணீர். மூச்சை அடக்கி அதில் முகத்தை வைத்தால் இதயம் படபடவென்று அடிக்கும் என்றுதானே நினைப்போம்? நடப்பது நேர்மாறு. சில விநாடிகளிலேயே இதயம் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது! மருத்துவம் படிக்கிற பிள்ளைகள் இதைத் தங்கள் சொந்த உடம்பிலேயே பார்த்துப் படிக்கிறார்கள். கடைசி வரை இருங்கள், இதே வித்தை கைக்குழந்தைக்கு வைத்தியமாகிற இடமும் வருகிறது.

பழங்கதையைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். 1840-களில் ஜெர்மனியின் கார்ல் லுட்விக், சுழலும் உருளையில் உடம்பின் அசைவுகளைக் கோடாக வரையும் கைமோகிராஃப் கருவியைக் கொண்டுவந்தார். அதன்பின் நூறு வருஷத்துக்கு மேல் மருத்துவ மாணவர்கள் புகைக்கரி பூசிய தாளும் தவளைத் தசையுமாக உடலியங்கியல் படித்தார்கள். நம் கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவத் துறையின் முதல் டீன் டாக்டர் டி. ஜே. தனராஜ், 1960-களில் அவரிடம் படித்தவர்கள் இன்றைய லேபுக்குள் வந்தால் அசந்துபோவார்கள். உருளை போய், கணினியோடு இணைக்கிற சின்னப் பெட்டி வந்துவிட்டது, நியூசிலாந்துக்காரர்களின் பவர்லேப் மாதிரி. தவளை இருந்த இடத்தில் இப்போது மாணவரே படுக்கிறார்.

[திரையில்: மணிக்கட்டில் எலெக்ட்ரோடு ஒட்டும் காட்சி, மிக அருகில்]

இந்த இடத்தைக் கவனியுங்கள். இதயத்தின் மின்சாரத்தைக் கோடாக வரைவதுதான் ஈசிஜி. அதற்கு இரண்டு மணிக்கட்டு, ஒரு கணுக்கால், மூன்று ஒட்டுகள், அவ்வளவுதான். ஆனால் நம்ம ஊர் வெயிலில் நடந்து வந்த கையில் வியர்வை இருக்கும், ஒட்டு நிற்காது. ஆல்கஹால் பஞ்சால் துடைத்து, லேசாகத் தேய்த்துவிட்டுத்தான் ஒட்ட வேண்டும். வளையலையும் கடிகாரத்தையும் கழற்றச் சொல்வார்கள். அப்புறம் லேபில் ஏர்கோனைக் கூட்டி வைத்திருந்தால் படுத்திருப்பவருக்கு நடுக்கம் வரும், அந்தத் தசை நடுக்கமும் மின்சாரம்தான், அதனால் ஈசிஜி கோடு முழுக்கப் புல் முளைத்த மாதிரி சொரசொரப்பாகிவிடும். இடது வலது ஒயரை மாற்றிப் போட்டால் அலை தலைகீழாக வரும். இதெல்லாம் பாடப்புத்தகத்தில் அச்சடித்த அழகான ஈசிஜியில் தெரியவே தெரியாது, அதனால்தான் இந்தத் துடைப்பதும் ஒட்டுவதும்தான் பாடத்தின் பாதி என்று நான் சொல்வேன்.

சரி, பேசினுக்கு வருவோம். முதலில் மாணவர் தண்ணீர் இல்லாமல் சும்மா மூச்சை அடக்குகிறார். அடுத்து, சாதாரணக் குழாய்த் தண்ணீரில் முகம் வைக்கிறார். நம்ம ஊர்க் குழாய்த் தண்ணீர் வெதுவெதுப்பாக இருப்பதால் பெரிய மாற்றம் தெரியாது. பிறகு ஐஸ் போட்டு, வெப்பமானி 10, 15 டிகிரியைக் காட்டும்போது நெற்றியும் கன்னமும் நனையும்படி முகத்தை வைக்கிறார். இப்போது திரையைப் பாருங்கள்! ஈசிஜியில் ஒரு கூர்முனைக்கும் அடுத்த கூர்முனைக்கும் இடைவெளி 0.75 விநாடி என்றால் நிமிடத்துக்கு 80 துடிப்பு. அந்த இடைவெளி விரிந்து விரிந்து 0.9 விநாடியைத் தாண்டினால் துடிப்பு 66-க்கு வந்துவிட்டது என்று அர்த்தம். தான் எதுவுமே செய்யாமல் தன் இதயம் இறங்குகிறது!

முகத்துத் தோலின் குளிர்ச்சியை டிரைஜெமினல் நரம்பு மூளைத்தண்டுக்குச் சொல்கிறது, அங்கிருந்து வேகஸ் நரம்பு வழியாக இதயத்துக்கு 'மெதுவாகப் போ' என்று உத்தரவு போகிறது. எனக்கு ரொம்பப் பிடித்தது இன்னொன்று. விரல் நுனியில் நாடி பார்க்கும் சென்சார் ஒன்றும் மாட்டியிருப்பார்கள். இதயம் மெதுவாகிற அதே நேரத்தில் விரலின் நாடி அலையும் குட்டையாகிக்கொண்டே போகும். கைகால் இரத்தக்குழாய்கள் சுருங்கி, மூளைக்கும் இதயத்துக்கும் இரத்தத்தை மிச்சம் பிடிக்கின்றன. இதயம் ஒரு கோடு, விரல் ஒரு கோடு, இரண்டும் ஒரே திரையில் ஒன்றுக்கொன்று பேசுவதைப் பார்க்கிற மாணவருக்கு இனி இதைப் பரீட்சைக்கு மனப்பாடம் செய்யத் தேவையே இல்லை. கடலில் ஆழமாக மூழ்கும் யானை சீலுக்கு இதே ஏற்பாடு இன்னும் பலமாக இருக்கிறது, மூழ்கும்போது நிமிடத்துக்கு 10 துடிப்புக்கும் கீழே போகும்.

இப்போது அந்தக் குழந்தை. சில கைக்குழந்தைகளுக்கு இதயம் திடீரென்று நிமிடத்துக்கு 220-க்கு மேல் ஓட ஆரம்பிக்கும். அப்போது அவசரப் பிரிவில் மருத்துவர்கள் முதலில் முயன்று பார்ப்பவற்றில் ஒன்று, ஐஸ் போட்ட பையைக் குழந்தையின் முகத்தில் சில விநாடி வைப்பது. அதே டிரைஜெமினல், அதே வேகஸ். பேசினில் தானே முகம் வைத்துப் பார்த்த மருத்துவருக்கு அந்தப் பை ஏன் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

முக்கியமான விஷயம்: இதை வீட்டில் தனியாக முயல வேண்டாம். லேபில்கூட இதயக் கோளாறு உள்ளவர்களைச் சேர்க்க மாட்டார்கள், பக்கத்தில் ஆள் நிற்பார்கள்.

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் மருத்துவம் படிக்கிற தம்பி தங்கைகளே, உங்கள் லேபில் இதைச் செய்தீர்களா? எத்தனை துடிப்பு இறங்கியது என்று கீழே எழுதுங்கள், திரையில் பார்த்தபடியே எழுதுங்கள். எஸ்டிபிஎம் முடித்துவிட்டு மருத்துவத்துக்குக் காத்திருக்கிற பிள்ளை வீட்டில் இருந்தால் இந்த வீடியோவை அனுப்பிவிடுங்கள். அடுத்த வாரம் முழங்கை இடித்தால் ஷாக் அடிக்கிறதே, அந்த நரம்பில் செய்தி எவ்வளவு வேகத்தில் ஓடுகிறது என்று அளந்து பார்ப்போம்.