முறுக்கு உரலும் நான்கு நாள் லீவும்

(ஹட்டன் பக்கத் தோட்டமொன்றின் வாசிகசாலையில், சித்திரை லீவுக்கு முந்திய ஞாயிறு பின்னேரம், பெற்றோர் கூட்டத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். காலையில் அன்றன்றைக்குக் காசு கிடைக்கிற கைக்காசுக்குத் தேயிலைக் கொழுந்து எடுத்துவிட்டு, கால் கழுவிய ஈரம்கூடக் காயாமல் வந்து உட்கார்ந்திருக்கும் தாய்மாருக்குத் தனியாக ஒரு வணக்கம். சுருக்கமாகப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். 35 வருடம் பாடம் எடுத்த வாய் இது, மணி அடித்தால்தான் நிற்கும். மணியைத் தலைவர் தன் பக்கத்திலேயே வைத்திருக்கிறார், பார்த்தேன்.

எனக்குக் கொடுத்த தலைப்பு 'வசந்தகாலமும் குடும்பமும்'. வசந்தம் என்றதும் நம் பிள்ளைகளுக்கு நுவரெலியாதான் ஞாபகம் வருகிறது. ஏப்ரல் பிறந்தால் அங்கே சீசன். கொழும்பு வெக்கை தாங்காமல் மலையேறி வந்த வெள்ளைக்காரர்கள் தொடக்கிவைத்த பழக்கம் அது. கவர்னர் கிரகரி 1873இல் வாவி கட்டினார். மகாராணி ஆட்சிக்கு வந்து 60 வருடம் ஆனதென்று 1897இல் பூங்காவுக்கு விக்டோரியா பெயர் வைத்தார்கள். அவர்களுக்குக் குளிர் தேவைப்பட்டது, வந்தார்கள். வருடம் முழுக்கக் கம்பளிக்குள் கிடக்கிற நாமும் ஏன் வேன் பிடித்துக்கொண்டு அதே குளிரைப் பார்க்கப் போகிறோம் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

நானும் போனவள்தான். பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது ஒரு சித்திரை லீவில் இரண்டு குடும்பம் சேர்ந்து வேன் பேசினோம். விடியற்காலை மூன்று மணிக்கு எழும்பிப் புளிச்சோறு கட்டினேன். தலவாக்கலை தாண்டுவதற்குள் சின்னவன் இரண்டு தரம் வாந்தி எடுத்தான். நானுஓயாவுக்கு மேலே வாகனம் வாகனமாக நின்றது. பூங்காவுக்குப் போய்ச் சேர்ந்தபோது உள்ளே விடுகிற நேரம் முடிந்துவிட்டது. வாவியை இருட்டில் பார்த்தோம். அதாவது, தண்ணீர் இருக்கிற பக்கத்தைப் பார்த்தோம். வரும்போது எல்லாரும் நித்திரை. அடுத்த நாள் முழுக்க நான் வாந்தித் துணி கழுவினேன். ஒரு நாள் முழுவதும் ஆறு பேரும் ஒரே வேனுக்குள் இருந்தோம், ஆனால் ஒருவரோடு ஒருவர் என்ன பேசினோம் என்று கேட்டால் எனக்கு ஒன்றும் ஞாபகமில்லை.

சரி, நம் வசந்தத்துக்கு வருவோம். தமிழில் சித்திரையும் வைகாசியும் இளவேனில். இந்த மலையில் அதற்கு அர்த்தம் என்ன? தை மாசியில் பனி, பங்குனியில் வெயில். கொழுந்து குறைந்து, செடி கரட்டுக் கரட்டென்று நிற்கும். பிறகு பின்னேரம் பின்னேரமாக இடி இடித்து மழை விழும். ஒரு கிழமைதான், மலை முழுக்கத் தளதளவென்று துளிர்த்துவிடும். முள்முருக்கு சிவப்பாகப் பூத்திருக்கும், குயில் கத்தும். வானொலியில் கவிதை வாசிப்பவர்கள் அதோடு நிறுத்திக்கொள்வார்கள். கொழுந்து எடுப்பவளுக்கு அங்கேதான் தொடங்குகிறது. வருடத்திலேயே கொழுந்து கூடிய காலம். ஏழெட்டு நாளுக்கொரு முறை அதே மலைக்குத் திரும்பி வராவிட்டால் இலை முற்றிப்போகும். கங்காணி நிற்க விடமாட்டார். நமக்கும் நிற்க மனம் வராது, மேலதிகக் கிலோவுக்குக் காசு வருகிற மாதமல்லவா?

ஆக, கணக்கைப் பாருங்கள். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட லீவு. கொழும்புப் புறக்கோட்டைப் புடவைக்கடையில் நிற்கிற மகன் நான்கு நாள் லீவில் வருகிறான். காமண்டில், அதாவது ஆடைத் தொழிற்சாலையில், தைக்கிற மகள் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து சேர்கிறாள். வீட்டில் எல்லாரும் இருக்கிற அந்த ஒரே கிழமையில்தான் அம்மாவுக்கு மூச்சுவிட நேரமில்லை. மலையால் வந்து கூடையை வாசல் திண்ணையான இஸ்தோப்பில் இறக்கினால், சுண்ணாம்பு அடிக்க வேண்டும், அடுப்படி மெழுக வேண்டும், பலகாரம் சுட வேண்டும். எங்கள் லயத்து வரிசையில் பக்கத்து வீட்டுக் காம்பராவில் ஒரு பிள்ளை என்னிடம் சொன்னாள்: "நேரம் கிடைச்சா பிள்ளைகளோட இருப்பேன் டீச்சர்." எந்த வருடம் கிடைக்கும் என்று நான் கேட்கவில்லை. அவளுக்கும் தெரியும்.

என் கட்சி இதுதான். வேலையை முடித்துவிட்டுச் சேர்ந்திருப்போம் என்று காத்திருந்தால் நம் வீடுகளில் அது நடக்காது. அந்த வேலைக்குள்ளேயே எல்லாரும் வந்து உட்கார வேண்டும். முன்பு அப்படித்தான் இருந்தது.

காமன் எரிந்த கதையை ஆடுகிற காமன் கூத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறை கண்டதும் கம்பம் ஊன்றுவார்கள். பௌர்ணமியை ஒட்டிக் காமனை எரிக்கிற வரைக்கும் ஒவ்வொரு இரவும் தப்பு மேளச் சத்தம்தான். என் அப்பா காமன் மனைவி ரதியாக வேஷம் கட்டுவார். பகலில் தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி பிடிக்கிற ஆள், இரவில் அம்மாவின் சேலையில். சேலைக்குக் கொசுவம் வைத்துவிடுவது அம்மா. பொட்டு வைக்கக் கண்ணாடி பிடிப்பது அக்கா. நான் முதல் வருடம் அவரைப் பார்த்துப் பயந்து அழுதேனாம், அடுத்த வருடத்திலிருந்து வளையலை எடுத்துக் கொடுக்கிற வேலை எனக்கு. காமன் எரிந்ததும் ரதி அழ வேண்டும். அப்பா அழும்போது லயத்துப் பெண்கள் முழுக்கக் கூட அழுவார்கள். அம்மா மட்டும், சேலை கரியாகிறதே என்று பார்த்துக்கொண்டிருப்பாள். விடிந்ததும் இரண்டு பேரும் வேலைக்குப் பெயர் கூப்பிடுகிற பிரட்டுக்களத்தில் நிற்பார்கள். அந்த வீட்டில் யாருக்கும் ஓய்வு கிடையாது, ஆனால் ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரிந்திருந்தது.

இப்போது முறுக்குச் சுடுகிற இரவுக்கு வருகிறேன். இதைப் பேசத்தான் வந்தேன். ஆண்பிள்ளைகள் எழும்பிப் போகாதீர்கள்.

அரிசி ஊறப்போட்டு, வடித்து, இடித்து, வறுத்து, சலித்து வைப்பதற்குள் ஒரு நாள் போய்விடும். மாவு பிசைகிறவளின் கையை என்றைக்காவது கிட்டத்தில் பார்த்திருக்கிறீர்களா? கொழுந்து ஒடிக்கிற விரலில் தேயிலைக் கறை கோடு கோடாக ஏறியிருக்கும். சவர்க்காரத்துக்கும் போகாது, தேசிக்காய்க்கும் போகாது. மாவில் கை வைத்ததும் அந்தக் கோடுகளுக்குள் வெள்ளை ஏறிக்கொள்ளும். என் அம்மா அதைப் பார்த்து, "இன்னைக்குத்தான் டீ மேக்கர் பொண்டாட்டி கை" என்று, தேயிலை ஆலை அதிகாரி வீட்டம்மாவைச் சொல்லிச் சிரிப்பாள். எண்ணெய் காய்ந்ததா என்று ஒரு துளி மாவு போட்டுப் பார்ப்பது, முதல் முறுக்கைப் பிள்ளையாருக்கு எடுத்து வைப்பது, இரண்டாவது உடைந்துபோனால் அதற்குப் பிள்ளைகள் அடித்துக்கொள்வது, எல்லாம் அந்த அடுப்பைச் சுற்றித்தான். உரலைப் பிழிவது மணிக்கட்டைக் கழற்றுகிற வேலை. அதைப் பகல் முழுக்கக் கொழுந்து எடுத்த கையே பிழிய வேண்டுமா? கொழும்பில் துணிக்கட்டுத் தூக்குகிற மகனின் கை அங்கே போனில் விளையாடிக்கொண்டிருக்கிறதே!

அவன் பிழியட்டும். கோணலாகத்தான் வரும், வரட்டும். பிழியும்போதுதான் வாய் திறப்பான். முதலாளி எத்தனை மணிக்குக் கடை பூட்டுகிறார், அறையில் எத்தனை பேர் படுக்கிறார்கள், ஏன் போன மாதம் காசு குறைத்து அனுப்பினான், இதெல்லாம் முகத்துக்கு முகம் உட்கார்ந்து கேட்டால் வராது. கையில் வேலை இருந்தால் வரும். தாய் வெளிநாட்டில் இருக்கிற வீடுகள் இங்கே சில உண்டு. போன வருடம் அப்படி ஒரு வீட்டில், போனை மாப்பானையில் சாய்த்து வைத்திருந்தார்கள். அங்கேயிருந்து அவள், "தண்ணி பத்தாது, இன்னும் கொஞ்சம் தெளி" என்று மகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். மாவைத் தொடாமல் எப்படிக் கண்டுபிடித்தாள் என்பது எனக்கு அதிசயம். சரியாகத்தான் சொன்னாள்.

புத்தாண்டு பிறக்கிற நேரத்தைப் பற்றி ஒரு சின்னக் குறை. வாக்கியப் பஞ்சாங்கம் ஒரு நேரம் சொல்லும், திருக்கணிதம் இன்னொன்று. கோயில் ஐயர் ஒன்றைப் பிடித்துக்கொள்வார், வீட்டுக் கிழவி மற்றதைப் பிடித்துக்கொள்வாள். இடையில் எல்லார் தலையிலும் மூலிகை மருத்துநீர் வைக்கிற மருமகள்தான் தவித்துப்போவாள். எதையாவது ஒன்றை முடிவு செய்யுங்கள். பெரியவர்கள் தருகிற கைவிசேஷக் காசு எப்படியும் ஒருமுறைதான் கிடைக்கப்போகிறது.

பக்கத்துச் சிங்களக் கிராமத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. மீனத்திலிருந்து மேஷத்துக்குச் சூரியன் போகிற வேளையை 'நொனகத' என்பார்கள். அதில் சில மணி நேரம் அடுப்பு மூட்டக்கூடாது, வேலை தொடக்கூடாது. பிறகு சொன்ன நேரத்தில் எல்லா வீட்டிலும் ஒன்றாக அடுப்பு மூட்டுவார்கள். பால் பொங்கும், வெடி வெடிக்கும், பிறகு கொக்கிஸ், கெவும் என்கிற அவர்கள் பலகாரம் வாழையிலை மூடி நம் லயத்துக்கும் வரும். நாம் தட்டை வெறுமனே திருப்பிக் கொடுக்க மாட்டோம், முறுக்கு வைப்போம். எனக்குக் கொக்கிஸைவிட அந்த அடுப்பில்லாத சில மணி நேரத்தின் மேல்தான் ஆசை. ஒரு பெண் சும்மா இருந்தால் சாத்திரமே அவள் பக்கம் நிற்கிறது! நம் வீடுகளிலும் அதைக் கடன் வாங்கலாம். 14ஆம் தேதி பகல் சாப்பாடு முடிந்த பிறகு, பானை கழுவுவது யார் வேலையாக வேண்டுமானாலும் இருக்கட்டும், அம்மாவின் வேலையாக இருக்கக்கூடாது. அவள் இஸ்தோப்பில் காலை நீட்டி உட்காரட்டும். வெறும் தேத்தண்ணி ஒன்றை யாராவது ஊற்றிக் கொடுங்கள், இனிப்பு வேறாக.

தலைவர் மணியைக் கையில் எடுத்துவிட்டார். ஒரே ஒரு அறிவித்தல். என் வீட்டுப் பித்தளை முறுக்கு உரல் போன தீபாவளிக்கு மேட்டு லயத்துக்குப் போனது. உரல் திரும்பி வந்துவிட்டது, மூன்று கண் அச்சுத்தான் வரவில்லை. யாரிடம் இருக்கிறது என்று நான் கேட்கப்போவதில்லை. புதன்கிழமை எங்கள் வீட்டில் மாவு இடிக்கிறோம், அச்சையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். உங்கள் மகனையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், உலக்கை இரண்டு இருக்கிறது.