கோபால்ட்டின் நீலமும் குரோமியத்தின் சர்க்கரையும்

நேயர்களுக்கு வணக்கம்.

கோபால்ட் குளோரைடைத் தண்ணீரில் கரைத்துப் பார்த்திருக்கிறீர்களா? இளஞ்சிவப்பாக இருக்கும். அதே உப்பை, குளோரைடு நிறைந்த ஓர் அயனித் திரவத்தில் கரைத்தால் நல்ல அடர்நீலம். உலோகம் அதேதான், அதைச் சூழ்ந்திருப்பவைதான் வேறு. தண்ணீரில் ஒரு கோபால்ட் அயனியைச் சுற்றி ஆறு நீர் மூலக்கூறுகள். அயனித் திரவத்தில் நான்கு குளோரைடுகள். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத நீலம் அது.

அயனித் திரவமும் ஒரு வகை உப்புதான். சமையல் உப்பு உருக 801 டிகிரி செல்சியஸ் வேண்டும். இந்த உப்புகளின் அயனிகளோ பெரியவை, கோணல்மாணலானவை. படிகமாக நெருங்கி அடுக்காக அமைய முடியாததால் 100 டிகிரிக்குள்ளேயே உருகிவிடுகின்றன. 1914இல் பால் வால்டன் என்ற வேதியியலாளர் விவரித்த எத்தில்அம்மோனியம் நைட்ரேட் 12 டிகிரியிலேயே திரவமாகிவிடும்.

சரி, உலோகத்தைச் சூழ்ந்திருப்பது மாறினால் வினையில் என்ன நடக்கும்? 2007இல் அமெரிக்காவின் பசிபிக் வடமேற்குத் தேசிய ஆய்வகத்தினர் இமிடசோலியம் குளோரைடு வகை அயனித் திரவம் ஒன்றில் குளுக்கோஸைக் கரைத்தார்கள். பல உலோகக் குளோரைடுகளைச் சிறிதளவு சேர்த்து, 100 டிகிரியில் வைத்துப் பார்த்தார்கள். எச்.எம்.எஃப் (ஹைட்ராக்சிமெத்தில்ஃபர்ஃபுரால்) என்ற பொருளைப் பெறுவதே நோக்கம். பெட்ரோலியம் இல்லாமல் பிளாஸ்டிக் செய்ய அது நல்ல மூலப்பொருள். சோதித்தவற்றில் குரோமியம்-இரண்டு குளோரைடு மட்டுமே தனித்து நின்றது. விளைச்சல் 70 சதவீதத்தை நெருங்கியது.

குளுக்கோஸ் நேராக எச்.எம்.எஃப் ஆக மாறுவது கடினம். பிரக்டோஸ் அப்படியல்ல, மூன்று நீர் மூலக்கூறுகளை எளிதில் இழந்து மாறிவிடும். குரோமியம் செய்தது அந்த இடைப்படியைத்தான்: குளுக்கோஸைப் பிரக்டோஸாக மாற்றிக் கொடுத்தது. குளோரைடுகள் சூழ்ந்த குரோமியம், சர்க்கரையைப் பற்றி அதன் அணுக்களை இடம் மாற்ற உதவுகிறது. நீர் சூழ்ந்த குரோமியத்தை வைத்து இந்தப் பலனைக் கணிக்க முடியாது. உலோகத்தின் பெயரை மட்டும் சொன்னால் போதாது, கரைப்பானையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்று மாணவர்களிடம் நான் வற்புறுத்துவது இதனால்தான்.

இந்த முறை ஆலைக்குப் போக இன்னும் தடைகள் உண்டு. திரவம் ஆவியாகாது, எச்.எம்.எஃப்-பும் எளிதில் ஆவியாகாது. இரண்டையும் பிரிப்பது சிரமம். குரோமியத்தையும் கழிவில் விட்டுவிட முடியாது.

அப்புறம், ஈரம். இந்தத் திரவங்கள் காற்றிலிருந்தே நீரை உறிஞ்சும். நீல நிறக் கோபால்ட் கரைசலில் நீர் சேரச் சேர இளஞ்சிவப்பு திரும்பி வரும். குளோரைடுகள் விலகி நீர் மூலக்கூறுகள் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. குரோமியத்தைச் சுற்றியும் அப்படி நேரலாம், அதன் நிறம் இவ்வளவு வெளிப்படையாக எச்சரிக்காது. அதனால்தான் சர்க்கரையைப் போடும் முன்பே திரவத்தை வெற்றிடத்தில் சூடாக்கி உலர்த்திக்கொள்கிறோம்.