தக்காளிப் பதம் என்று எழுதினால் போதுமா?

அவையோருக்கு வணக்கம்.

சமையல் கற்ற நினைவுகளை எழுத நினைக்கிறவர்களுக்காகப் பேசச் சொன்னீர்கள். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் இந்தத் தலைப்பை வைத்தவர் துணிச்சல்காரர்தான். நேரத்தோடு முடித்துவிடுகிறேன்.

சமையல் நினைவுக் குறிப்பு எதை எடுத்தாலும் மூன்று வாக்கியங்கள் தவறாமல் வரும். அம்மாவின் கைமணம் யாருக்கும் வராது. அந்த ருசி இன்னும் நாக்கில் நிற்கிறது. பாட்டி எதையும் அளந்து போட்டதே இல்லை. முதல் இரண்டையும் விட்டுவிடுவோம், அவை அன்பில் வருபவை. மூன்றாவது வாக்கியம் தவறு. பாட்டி அளந்தார். உள்ளங்கைக் குழியால், விரல் ரேகையால், பாத்திரத்தின் கழுத்தால், எண்ணெயின் சத்தத்தால் அளந்தார். அதைப் படிக்கத் தெரியாத நாம் ‘அளக்கவில்லை’ என்று எழுதிவிடுகிறோம்.

கற்ற கதையை எப்படிச் சொல்வது என்பதற்கு வெளிநாட்டு உதாரணம் ஒன்று சொல்கிறேன். ஜூலியா சைல்ட் என்ற அமெரிக்கப் பெண்மணி 1948இல் கணவரோடு பிரான்சுக்குப் போனார். அடுத்த ஆண்டு, 37 வயதில், பாரிஸில் உள்ள கோர்தோன் ப்ளூ சமையல் பள்ளியில் சேர்ந்தார். பட்டயத் தேர்வில் முதல் முறை தோற்றுப் போனார். பெரிய பெரிய சமையலையெல்லாம் படித்துக்கொண்டு போனவரிடம் பள்ளியின் ஆரம்பக் கையேட்டிலிருந்து கேட்டார்கள்! அவருடைய நினைவுக் குறிப்பு, அவர் காலமாகி இரண்டு ஆண்டுகள் கழித்து, 2006இல் வெளிவந்தது. அதில் ‘ஆகா, என்ன ருசி’ என்கிற இடங்களும் உண்டு. என் கணக்கில் அதைவிடப் பெறுமதியானது மயோனைஸ் கெட்டுப்போன இடம்.

மயோனைஸ் என்பது முட்டை மஞ்சள் கருவும் எண்ணெயும் சேர்த்து அடிக்கிற சாறு. பலமுறை நன்றாக வந்தது, குளிர் தொடங்கியதும் திரியத் தொடங்கிவிட்டது. கை அதேதான், செய்முறையும் அதேதான். அவர் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தார். காரணம் சூட்டில் இருந்தது. மஞ்சள் கருவில் உள்ள லெசித்தின், எண்ணெயை நுண்ணிய துளிகளாகப் பிடித்து நிறுத்துகிறது. எண்ணெயும் முட்டையும் பாத்திரமும் சில்லென்று இருந்தால் எண்ணெய் அப்படி உடையாது, பிரிந்து நிற்கும். ஆகவே பாத்திரத்தை வெந்நீரில் அலசித் துடைத்துக்கொள்ள வேண்டும். கருவை முதலில் தனியாக அடித்துக் கெட்டியாக்க வேண்டும். எண்ணெயைத் தொடக்கத்தில் சொட்டுச் சொட்டாகத்தான் விட வேண்டும். ஒரு பெரிய மஞ்சள் கருவுக்கு முக்கால் கப் எண்ணெய்க்கு மேல் போகக் கூடாது என்பது அவர் கணக்கு. திரிந்துவிட்டால் கொட்ட வேண்டியதில்லை. வெதுவெதுப்பான வேறு பாத்திரத்தில் ஒரு தேக்கரண்டி கடுகு விழுதும் ஒரு மேசைக்கரண்டி திரிந்த சாறும் விட்டு, கெட்டியாகும்வரை அடித்து, மிச்சத்தைச் சிறிது சிறிதாகச் சேர்த்தால் மீண்டுவிடும்.

பாருங்கள், இதில் ‘ருசி’ என்ற சொல்லே வரவில்லை. ஆனாலும் இதைத் தேடிக் கண்டவருக்குச் சாப்பாட்டின் மேல் எவ்வளவு பிரியம் என்று தெரிகிறதா, இல்லையா?

நம் பக்கம் 1951இல் எஸ். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ வந்தது. அது நினைவுக் குறிப்பு அல்ல, சமையலறைக்குள் புதிதாக நுழைகிறவர்களுக்கான பாடம். அதை இங்கே சொல்வதற்குக் காரணம் அளவு. பழைய செய்முறை எதை எடுத்தாலும் ஆழாக்கு, படி என்ற முகத்தல் அளவுகளும் பலம் என்ற எடையும் வரும். ஆழாக்கு ஏறத்தாழ 168 மில்லி. எட்டு ஆழாக்கு ஒரு படி, அதாவது 1.344 லிட்டர்.  ஊருக்கு ஊர் படி மாறியது என்பதால், உங்கள் வீட்டு ஆழாக்கு பரணில் கிடந்தால் எடுத்துத் தண்ணீர் நிரப்பி, தராசில் வைத்துப் பாருங்கள். ஆழாக்கின் எடையைக் கழித்தபின் எத்தனை கிராமோ அத்தனை மில்லி. அந்த எண்ணைக் குறிப்பின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

அடுத்தது, சமைக்கிறவரிடம் ‘எவ்வளவு போடுவீர்கள்?’ என்று கேட்காதீர்கள். கேட்டால் ‘எலுமிச்சம்பழ அளவு புளி’ என்பார். அது ஒரு வீட்டில் 20 கிராம், இன்னொரு வீட்டில் 40. புதுப்புளியா பழம்புளியா என்பதைப் பொறுத்து நிறமும் புளிப்பும் வேறு. ஆகவே வாயைக் கேட்காமல் டப்பாவைக் கேளுங்கள். சமையல் தொடங்கும் முன் மிளகாய்ப் பொடி, உப்பு, புளி, பருப்பு டப்பாக்களை எடை போட்டுக்கொள்ளுங்கள். முடிந்ததும் மறுபடி எடை. குறைந்தது எவ்வளவோ அதுதான் சட்டியில் விழுந்தது. ஒரு நாள் போதாது, மூன்று நாள் பாருங்கள். மூன்று நாளும் உப்பு ஒரே எடை வராது. அந்த வித்தியாசத்துக்குக் காரணம் கேட்டால்தான் ‘இன்னைக்குப் புளி கொஞ்சம் கடுப்பா இருந்துது’ என்ற பதில் வரும். நினைவுக் குறிப்புக்கு வேண்டியது அந்தப் பதில்தான். இன்னொன்று, உப்பைக் கரண்டிக் கணக்கில் எழுதினால் கல் உப்பா, பொடி உப்பா என்று சேர்த்து எழுதுங்கள். கல் உப்பில் பரல்களுக்கு நடுவே காற்று நிற்பதால் ஒரே கரண்டியில் எடை குறைவு. இதை எழுதாமல் விட்டவர்களின் குழம்பு பேரப்பிள்ளை கையில் கரித்துப் போகும்.

இப்போது அதிரசம். பாட்டி கதைகளில் தீபாவளிக்குத் தவறாமல் வருகிற பண்டம், எழுத்தில் மிகவும் மோசமாகக் கையாளப்படுகிற பண்டமும் அதுவே. ‘பாகு தக்காளிப் பதம் வந்ததும் மாவைக் கொட்டிக் கிளற வேண்டும்’ என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்த ஒரு வரிக்குள் நான்கு இடங்களில் தவறு நடக்கலாம்.

ஒரு கிலோ மாவுப் பச்சரிசிக்கு முக்கால் கிலோ பாகு வெல்லம். அரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, வடித்து, நிழலில் வேட்டியில் பரப்ப வேண்டும். அள்ளினால் கையில் சில பருக்கை ஒட்டுகிற ஈரத்தில் அரைத்துச் சலிக்க வேண்டும். அந்த மாவைப் பிடித்தால் பிடிபட வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். அரிசியை முழுக்கக் காயவிட்டாலோ கடைப் பாக்கெட் மாவை வாங்கினாலோ அது பாகை உறிஞ்சிக்கொண்டு இறுகிவிடும். முதல் தவறு அங்கே.

வெல்லத்தை 200 மில்லி தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டிக் காய்ச்சுங்கள். கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு விரலால் திரட்டுங்கள். கரைந்து ஓடினால் பதம் வரவில்லை. திரண்டு வந்து, உருட்டினால் உருண்டு, அழுத்தினால் பழுத்த தக்காளி போல நசுங்கினால் அதுதான் தக்காளிப் பதம். வெப்பமானி இருந்தால் 112லிருந்து 115 டிகிரி செல்சியஸ் காட்டும். தட்டில் போட்டால் ‘ணங்’ என்று சத்தம் கேட்டால் அது பொரி உருண்டைக்கான பாகு. அதிரசத்தின் எல்லையைத் தாண்டிவிட்டீர்கள். இந்த இரண்டுக்கும் நடுவே அடுப்பில் இருப்பது சில நிமிடங்கள்தான். கிண்ணத்துத் தண்ணீரை ஒவ்வொரு சோதனைக்கும் மாற்றுங்கள், சூடேறிய தண்ணீர் பொய் சொல்லும்.

பதம் வந்ததும் அடுப்பை அணைத்து, ஏலமும் சுக்கும் போட்டு, மாவைத் தூவித் தூவிக் கிளற வேண்டும். இரண்டு கைப்பிடி மாவைத் தனியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், எல்லா வெல்லமும் ஒரே மாதிரி மாவு வாங்காது. கிளறி முடிக்கும்போது கரண்டியிலிருந்து தளர்ந்து விழுகிற இளக்கத்தில் இருக்க வேண்டும். புதியவர்கள் ‘நீர்த்துவிட்டதே’ என்று பயந்து மிச்ச மாவையும் கொட்டுவது இங்கேதான். ஆறினால் தானே இறுகும். மேலே நெய் தடவி, துணி கட்டி, ஒரு நாளாவது வையுங்கள். பாகு மாவுக்குள் சமமாக இறங்க அந்த நேரம் வேண்டும்.

மறுநாள் எண்ணெய்ச் சட்டி உண்மையைச் சொல்லிவிடும். அதிரசம் எண்ணெயில் பிரிந்து தூளாகிப் போனால் பாகு இளசு. மாவில் மிஞ்சிய தண்ணீர் ஆவியாகி வெளியேறும்போது பண்டத்தைக் கிழிக்கிறது. கல்லாக வந்தால் பாகு முற்றல், அல்லது மாவு காய்ந்தது. மேலே கறுத்து நடுவில் வேகாமல் இருந்தால் பாகு மேல் பழி போடாதீர்கள், எண்ணெய் அதிகம் காய்ந்துவிட்டது. மாவு ஒரு துளி போட்டால் அடியில் தங்கிச் சற்று நிதானித்து மேலே வர வேண்டும், போட்டவுடன் சீறி எழக் கூடாது. இறுகிய மாவுக்குச் சூடான பாலை ஒரு கரண்டி, இரண்டு கரண்டியாகத் தெளித்துப் பிசையலாம். இளகிய மாவுக்கு எடுத்து வைத்த அந்த இரண்டு கைப்பிடி. எடுத்ததும் இரண்டு தட்டைக் கரண்டிகளுக்கு நடுவே வைத்து அழுத்தி எண்ணெயை வடிக்க வேண்டும். ஆறிய பிறகு அழுத்தினால் வடியாது, உடையும்.

இத்தனையும் நினைவுக் குறிப்பில் வர வேண்டுமா என்று முன்வரிசையில் ஒருவர் முகம் சுளிப்பது தெரிகிறது. எல்லாம் வேண்டாம். அம்மா கிண்ணத்தில் விரலை விட்டுப் பாகைத் திரட்டுகிற அந்த ஒரு நொடியை எழுதுங்கள். எந்த விரல், கிண்ணத்தில் எவ்வளவு தண்ணீர், எத்தனையாவது சொட்டில் தலையாட்டினார் என்று எழுதுங்கள். அந்த ஆண்டு அதிரசம் பிரிந்து போயிருந்தால் அதையும் மறைக்காமல், ஏன் பிரிந்தது என்பதோடு எழுதுங்கள். பிரிந்ததை அள்ளி உதிர்த்து அப்படியே சாப்பிட்ட வீடுகள் ஏராளம், அதுவும் சேரட்டும்.

ஒரு சீட்டு வந்திருக்கிறது. “தராசைப் பார்த்தாலே அம்மாவுக்குக் கோபம் வருகிறது, ‘என்னைச் சோதிக்கிறாயா’ என்கிறார். என்ன செய்வது?” நல்ல கேள்வி. அவர் குளிக்கப் போகும்போது டப்பாக்களை எடை போட்டுவிடுங்கள். சாப்பிட்டுப் படுத்த பிறகு மறுபடி போடுங்கள். நடுவில் அவர் பக்கத்தில் நின்று வெங்காயம் உரித்துக் கொடுங்கள், அப்போது பேசுவார். தாளும் பேனாவும் வெளியே தெரிய வேண்டாம்.