நூலகப் படிப்பு முடித்தவர்களுக்கு

வானொலி நேயர்களுக்கு வணக்கம். நூலக அறிவியல் படிப்பவர்கள், படித்துவிட்டு வேலை தேடுபவர்கள், ஏற்கெனவே ஏதோ ஒரு நூலகத்தில் வேலை பார்ப்பவர்கள், உங்களிடம்தான் இன்று பேசப் போகிறேன். நீண்ட காலம் கல்லூரி நூலகராக இருந்தவன் என்ற உரிமையில் பேசுகிறேன்.

ஒரு கல்லூரியில் பேராசிரியர்கள் பலர் இருப்பார்கள். நூலகர் பெரும்பாலும் ஒருவர்தான். அவர் ஏறி உட்கார அங்கே இன்னொரு நாற்காலி கிடையாது. பொது நூலகத் துறையில் ஊர்ப்புற நூலகர், மூன்றாம் நிலை, இரண்டாம் நிலை, முதல் நிலை, மாவட்ட நூலக அலுவலர் என்று படிகள் உண்டு. ஆனால் மேலே போகப் போக இடம் குறைவு, காத்திருப்பு அதிகம். பதவி உயர்வை மட்டும் நம்பித் திட்டம் போட்டால் மனசு சோர்ந்துவிடும். இன்னும் ஐந்து வருடத்தில் எனக்கு எந்த வேலை நன்றாகச் செய்யத் தெரிந்திருக்க வேண்டும்? இந்தக் கேள்வியிலிருந்து திட்டத்தைத் தொடங்குங்கள்.

இந்திய நூலகவியலின் தந்தை எனப்படும் சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன் மாநிலக் கல்லூரியில் கணிதம் நடத்தியவர். 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகச் சேர்ந்தார். பேச்சுத்துணைகூட இல்லாத அந்த வேலை அவருக்குப் பிடிக்கவே இல்லை. சீக்கிரமே பழைய கல்லூரிக்குப் போய், என்னைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டார். முதலில் லண்டன் போய் நூலகவியல் படித்துவிட்டு வாருங்கள், அப்புறமும் பிடிக்காவிட்டால் பழைய இடத்துக்கே வரலாம் என்று சமாதானம் சொல்லி அனுப்பினார்கள். அவர் அங்கே வகுப்பறையோடு நிற்கவில்லை. இங்கிலாந்தில் நூலகம் நூலகமாகச் சுற்றினார். ஒரு கடையில், சில துண்டுகளையே மாற்றி மாற்றிப் பூட்டிப் புதுப்புதுப் பொம்மை செய்யும் மெக்கானோவைப் பார்த்தார். நூல்களைப் பொருள்வாரியாகப் பிரித்து அடுக்க அவர் உருவாக்கி 1933-இல் வெளிவந்த கோலன் பகுப்பு முறைக்கு அதுதான் தீப்பொறி. பழைய வேலைக்குத் திரும்பும் பேச்சே பிறகு எழவில்லை.

எனக்கு இதில் பிடித்தது அந்தச் சுற்றல்தான். நீங்களும் சுற்றுங்கள். சென்னைக் கன்னிமாரா நூலகத்துக்கு 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி நாடு முழுவதும் அச்சாகும் நூல்களின் பிரதி வந்து சேர வேண்டும். வருகிற நூல்களை எப்படிப் பதிந்து அடுக்குகிறார்கள் என்று பாருங்கள். ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் உதிர்ந்துபோகும் நிலையில் இருக்கும் தாள்களை எப்படிக் காப்பாற்றுகிறார்கள் என்று பாருங்கள். அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும் மதுரைக் கலைஞர் நூலகத்திலும் குழந்தைகள் பகுதியில் ஒரு மணி நேரம் நில்லுங்கள். இதில் எந்த வேலை உங்களை இழுக்கிறது என்று அப்போதுதான் தெரியும்.

அடுத்தது கைத்தொழில். கோஹா என்ற நூலக மென்பொருள் இலவசம். 2000-இல் வெளிவந்தது, இன்று உலகம் முழுக்கப் பயன்படுகிறது. ஒரு சாதாரணக் கணினியில் நீங்களே நிறுவுங்கள். உங்கள் ஊர்ப் பள்ளியிலோ, தெரிந்த ஒருவர் வீட்டிலோ இருக்கும் புத்தகங்களை அதில் ஏற்றுங்கள். நேர்முகத் தேர்வில், "கோஹா தெரியும்" என்று வாயால் சொல்பவருக்கும், "இதோ பாருங்கள், நான் செய்த பட்டியல்" என்று திறந்து காட்டுபவருக்கும் உள்ள தூரத்தை, கேள்வி கேட்கும் பக்கத்தில் உட்கார்ந்து பலமுறை பார்த்திருக்கிறேன். அது பழகியதும் டிஸ்பேஸ் என்ற மென்பொருளையும் கற்றுக்கொள்ளுங்கள். ஆய்வேடுகளையும் பழைய இதழ்களையும் மின்வடிவில் சேமித்துத் தர அது உதவும்.

தமிழ்ப் பட்டியலாக்கத்தை, அதாவது தமிழ் நூல்களுக்குப் பட்டியல் போடும் வேலையைப் பற்றி மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். கல்கி என்று தேடினால் எழுத்தாளர் வருவார், பத்திரிகையும் வரும். அதே எழுத்தாளர் ரா. கிருஷ்ணமூர்த்தி என்ற பெயரிலும் இருப்பார். நம் பெயர்களில் முதலெழுத்து முன்னால் வருகிறது, குடும்பப் பெயர் கிடையாது, புனைபெயரோ ஏராளம். ஆங்கில விதிகளை அப்படியே போட்டால் ஒரே ஆள் நான்கு ஆட்களாகச் சிதறிப்போவார். எந்தப் பெயரை நிலைப்பெயராக வைப்பது, மற்ற பெயர்களை எப்படி அதனோடு இணைப்பது என்று பொறுமையாகச் செய்யத் தெரிந்தவர்கள் நமக்கு வேண்டும். மின்னூலகங்கள் பெருகப் பெருக இந்தத் தேவையும் கூடும். தமிழும் தெரிந்து, பட்டியல் விதியும் தெரிந்த உங்களைவிட இதற்குப் பொருத்தமானவர் யார்?

தகுதி விஷயம். கல்லூரி, பல்கலைக்கழகப் பணிக்கு பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகள் முதுகலையில் 55 விழுக்காடும், நெட் என்ற தேசியத் தகுதித் தேர்விலோ செட் என்ற மாநிலத் தகுதித் தேர்விலோ தேர்ச்சியும் கேட்கின்றன. முனைவர் பட்டம் பெற்றவர்களுக்கு அந்தத் தேர்விலிருந்து விலக்கு தரத் தனி விதி உண்டு. முதுகலை முடிக்கும்போதே நெட் எழுதத் தொடங்குங்கள். ஆய்வு நிறுவனங்களும் ஐஐடி போன்றவையும் நூலகப் பயிற்சியாளர்களை எடுக்கின்றன. சம்பளம் குறைவாக இருக்கலாம், பரவாயில்லை, போய்ச் சேருங்கள். வயது வரம்பு உள்ள அறிவிப்புகள் பல, தள்ளிப்போடாதீர்கள்.

ஏற்கெனவே அரசுப் பணியில் இருந்துகொண்டு மேற்படிப்புப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சேருவதற்கு முன்பே துறையில் எழுத்துப்பூர்வமாக அனுமதி வாங்குங்கள். பட்டம் கைக்கு வந்ததும் பணிப்பதிவேட்டில் பதியச் சொல்லுங்கள், பதிந்தார்களா என்று நீங்களே கண்ணால் பாருங்கள். அந்த ஒரு வரி இல்லாததால் பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் விடுபட்டு அலைந்தவர்களை எனக்குத் தெரியும். சங்கடப்பட்டுக்கொண்டு கேட்காமல் இருந்துவிடாதீர்கள்.

நன்றி, வணக்கம்.