மல்லாட்டைக் கொடிக்கு என்ன விலை?

நேயர்களுக்கு வணக்கம். விவசாயிகளுக்கு வியாபாரப் பயிற்சி கொடுக்கப் போகிறேன் என்றால் எங்கள் வீட்டிலேயே சிரிப்பார்கள். கிலோவுக்கு ஒரு ரூபாய் கூட்டிக் கேட்டு அரை மணி நேரம் பேரம் பேசுகிறவருக்கு நீ என்ன சொல்லிக் கொடுப்பாய் என்பார்கள். நியாயந்தான். விற்கத் தெரியும். கணக்குதான் மனசுக்குள்ளேயே தங்கிவிடும்.

திருவண்ணாமலைப் பக்கம் ஒரு கிராமம். வேர்க்கடலைக்கு அங்கே மல்லாட்டை என்று பேர். வகுப்புக்கு வந்த ஓர் அம்மாவிடம், ஏக்கருக்கு என்ன நின்றது என்று கேட்டேன். 11,000 ரூபாய் என்றார். விதை, உழவு, உரம், ஆள் கூலி எல்லாம் கழித்துத்தான். "நீங்களும் வீட்டுக்காரரும் செய்த வேலைக்குக் கூலி எழுதினீர்களா?" என்றேன்.

"நம்ம கொல்லையில நாம வேலை செய்யறதுக்கு யாரு சார் கூலி கொடுப்பாங்க?"

வகுப்பே சிரித்தது. சரி, எழுதித்தான் பார்ப்போமே என்றேன். களையெடுத்தது, மண் அணைத்தது, பிடுங்கியது, ராத்திரி திண்ணையில் உட்கார்ந்து காய் ஆய்ந்தது. எல்லாம் சேர்த்து 34 ஆள் வேலை. ஆளுக்கு 300 என்று போட்டால் 10,200. மீதி 800 ரூபாய்.

சிரிப்பு நின்றுவிட்டது. பாடம் ஏறிவிட்டது என்று எனக்கு உள்ளுக்குள் பெருமை. மறுநாள் காலையில் அந்த அம்மா நோட்டோடு வந்தார். "சார், மல்லாட்டைக் கொடியை விட்டுட்டீங்களே. ரெண்டு மாசம் எங்க மாடு அதைத்தான் தின்னுச்சு. வெளியில வாங்கினா காசு இல்லையா?"

வகுப்பில் நான் கொடுக்கிற வரவு செலவுப் படிவத்தின் வரவுப் பக்கத்தில் அப்படி ஒரு வரியே இல்லை. அன்றிலிருந்து இருக்கிறது. திரும்பவும் சொல்கிறேன்: வீட்டு ஆள் கூலியை எழுதுங்கள், வீட்டு மாடு தின்றதையும் எழுதுங்கள். இதையே போகிற ஊரெல்லாம் சொல்லிச் சொல்லி, சிலர் என்னை மல்லாட்டைக் கொடி சார் என்றே கூப்பிடுகிறார்கள்.

எழுதிப் பழகியவர்கள்தான் கூட்டாகவும் நிற்கிறார்கள். தமிழ்நாட்டில் 2017-18இல் கூட்டுப் பண்ணையத் திட்டம் வந்தது. 20 பேர் சேர்ந்தால் ஓர் உழவர் ஆர்வலர் குழு. அப்படி 5 குழு சேர்ந்தால் 100 பேர் கொண்ட உற்பத்தியாளர் குழு, அதற்கு 5 லட்சம் ரூபாய் கொடுத்தார்கள், கருவி வாங்க. மழை பெய்த மறுநாள்தான் சோதனை. டிராக்டரில் மாட்டி மண்ணைப் பொலபொலவென்று ஆக்குகிற ரோட்டவேட்டர் ஒன்றுதான், ஈரம் காய்வதற்குள் அத்தனை பேருக்கும் வேண்டும். யார் எத்தனை மணி நேரம் ஓட்டினார் என்று எழுதாவிட்டால் அன்றைக்கே சண்டை.

நான் பார்த்த ஒரு குழுவில் இதைத் தீர்த்து வைத்தவர்கள் பெண்கள். சீட்டுப் பிடித்துப் பழகியவர்களாயிற்றே! பேரைக் குலுக்கிப் போடு, முதல் சுற்றில் ஆளுக்கு ஒரு ஏக்கர்தான், இந்த மழைக்கு முதலில் ஓட்டியவர் அடுத்த மழைக்குக் கடைசி. கருவி ஊருக்குள் வருவதற்கு முன்பே தீர்மான நோட்டில் எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிவிட்டார்கள்.

நேரம் முடிகிறது என்று ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். விவசாயிகளே பங்கு போட்டு நடத்துகிற உற்பத்தியாளர் கம்பெனி பற்றித்தான் விரிவாகப் பேச நினைத்து வந்தேன். வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 10 விவசாயிகள் இருந்தாலே பதிவு செய்யலாம். பங்கு எத்தனை வைத்திருந்தாலும் ஆளுக்கு ஓட்டு ஒன்றுதான். அதனால் பொதுக்குழு அன்றைக்கு வீட்டில் இருந்துவிடாதீர்கள். அப்புறம், முதலில் எடை மிஷின் வாங்குங்கள், லாரி பிறகு. வணக்கம்.