முறத்தை உயர்த்திப் பிடியுங்கள்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொன்னாடை போர்த்திய ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களே, வீட்டு விசேஷத்தைப் பாதியில் விட்டுவிட்டு முன்வரிசையில் வந்து அமர்ந்திருக்கும் ஓய்வுபெற்ற மின்வாரியப் பொறியாளர் ஐயா அவர்களே, நாற்காலி தந்துதவிய தலைமையாசிரியர் அவர்களே, தாய்மார்களே, மைக் கட்டிய தம்பி, அனைவருக்கும் வணக்கம். பெயர் விடுபட்ட பெரியவர்கள் பொறுத்தருள வேண்டும்.

மின்சாரம் எடுக்கக் காற்று, வெயில், எடுத்ததை வைத்துக்கொள்ளச் சேமிப்பு என்று மூன்று தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். வெயிலுக்குக் கமுதி சூரிய மின்நிலையம் இருக்கிறது. 2016-ல் 648 மெகாவாட்டோடு வந்தது. அதற்குப் பிறகு வருகிறேன். ஆரல்வாய்மொழிக் கணவாயில் நின்றுகொண்டு காற்றை விட்டு வேறு எதை முதலில் பேசுவது?

காற்றுள்ள போதே தூற்றிக்கொள் என்கிறோம். களத்தில் தூற்றியவர்களைக் கேளுங்கள். முறத்தை இடுப்பளவில் பிடித்தால் பதர் காலடியிலேயே விழும். முக்காலி மேல் ஏறி, தலைக்கு மேலே தூக்கிச் சரிக்க வேண்டும். தொண்ணூறுகளில் வரிச்சலுகைக்காக ஆலைக்காரர்கள் நட்ட 225 கிலோவாட் காற்றாலைகளை, நம் பேச்சில் மில்களை, பாருங்கள். கோபுரம் ஏறக்குறைய 30 மீட்டர், சுழலியின் விட்டம் 27 மீட்டர். இடுப்பளவு முறம்! 30 மீட்டரில் வினாடிக்கு 5 மீட்டர் வீசும் காற்று, 120 மீட்டர் உயரத்தில் சுமார் 6 ஆகிறது. ஒன்றுதானே கூடியது என்பீர்கள். காற்றின் ஆற்றல் வேகத்தின் மும்மடிக்கு ஏறும். வேகம் 20 சதவீதம் கூடினால் ஆற்றல் 73 சதவீதம் கூடும். முதல் தரமான காற்று வீசும் நிலத்தையெல்லாம் குட்டை மில்கள் பிடித்துக்கொண்டிருக்கின்றன.

பெரிய மில் வருவது லேசல்ல. நெல்லைப் பக்கம் ஓர் ஊரில் 50 மீட்டருக்கு மேல் நீளமான இறக்கையோடு டிரெய்லர் வந்து டீக்கடை முக்கில் சிக்கிக்கொண்டது. ராத்திரி பதினோரு மணி. முன்பக்கம் திரும்பிவிட்டது, வால் திரும்பவில்லை. பின் அச்சுக்குத் தனி ஸ்டியரிங், அதற்குத் தனி ஆள். அவர் ஒடித்தால் இறக்கையின் நுனி கடையின் தகரக் கூரைக்குள் போகிறது. நிமிர்த்தினால் டிரான்ஸ்பார்மரில் இடிக்கிறது. லைன்மேன் கம்பியை இறக்கினார், ஊரே இருட்டு. கடைக்காரர் நாலு தகரத்தைக் கழற்றினார். சத்தம் கேட்டு எழுந்து வந்த ஒரு பாட்டி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஏலே, தேருக்குச் சறுக்குக்கட்டை போடத் தெரிஞ்ச ஆளு ஊருல ஒருத்தன் கூடவா இல்ல?" என்றாராம். உண்மையிலேயே தேருக்குக் கட்டை போடும் இருவரை எழுப்பிக் கூட்டி வந்தார்கள். அவர்கள் சக்கரத்தடியில் கட்டை கொடுத்து, சாண் சாணாக நகர்த்தி, விடிவதற்குள் திருப்பிவிட்டார்கள். தகரத்தை மாட்டித் தந்த பிறகுதான் கடைக்காரர் டீ போட்டார்!

சரி, அரசியலுக்கு வருகிறேன். ஆடியில் நள்ளிரவில் காற்று அடித்து வீசுகிறது. அப்போது மின்தேவை குறைவு. அனல் நிலையத்தை அதன் திறனில் 55 சதவீதத்துக்குக் கீழே இறக்குவது கடினம். ஆகவே மில்லை நிறுத்தச் சொல்கிறார்கள். காற்று உண்டு, தூற்ற விடமாட்டேன் என்கிறார்கள்! பழைய மில்லில் வேறொரு கோளாறும் உண்டு. அதன் இண்டக்‌ஷன் ஜெனரேட்டர், கெப்பாசிட்டர் பழுதானால், தன் காந்தப்புலத்துக்கு வேண்டிய ரியாக்டிவ் மின்சாரத்தைக் கிரிட்டிலிருந்தே, அதாவது பொது மின்கம்பி வலையிலிருந்தே, இழுக்கும். வோல்ட்டேஜ் சரியும், பக்கத்து மில்லும் சேர்ந்து விழும். இழுத்ததற்குத் தனிக் கட்டணமும் வரும்.

பழையதை எடுத்துவிட்டுப் பெரிய மில்லாக மாற்றிவிட வேண்டியதுதானே? இடைவெளி விதியைப் பாருங்கள்: விட்டத்தைப் போல ஒரு பக்கம் 5 மடங்கு, காற்றுப் போக்கில் 7 மடங்கு. 120 மீட்டர் சுழலிக்கு 600-க்கு 840 மீட்டர் வேண்டும். ஒரே மில்லுக்கு, 20 சின்ன மில் நிற்கும் இடம். அவற்றின் கிலோவாட்டைக் கூட்டிப் பார்த்து, புதியது குறைவு என்று சொல்லாதீர்கள். வருடத்தில் வரும் யூனிட்டை எண்ணுங்கள். 20 மில்லுக்கு எத்தனை உரிமையாளர்? அண்ணன் தம்பி வழக்கு எத்தனை? காற்றுக் காலத்து யூனிட்டை மின்வாரியக் கணக்கில் வைத்துப் பிறகு எடுத்துக்கொள்ளும் பேங்கிங் சலுகை பழைய மில்லுக்கு உண்டு, அது போய்விடுமோ என்ற பயம் வேறு. 2024-ல் தமிழக அரசு பழைய மில்லை மாற்றுவதற்கென்று கொள்கை வெளியிட்டது. கொள்கை வந்து என்ன, இருபது பேரும் ஒரே பாயில் உட்கார வேண்டுமே! அதற்குத்தான் கூட்டுறவுச் சங்கம் வேண்டும் என்று மேடைக்கு மேடை கத்துகிறேன். ஒருவர் பெயரில் ஒப்பந்தம், யூனிட் கணக்குப்படி பங்கு.

தலைவர் மணி அடிக்கிறார். சேமிப்புக்கு, தண்ணீரை மேலே ஏற்றிவைத்து வேண்டும்போது இறக்கி மின்சாரம் எடுக்கும் காடம்பாறை நிலையம் 400 மெகாவாட் என்று மட்டும் சொல்லிவைக்கிறேன். வெயில் அடுத்த கூட்டத்துக்கு. சங்கத்துக்குப் பெயர் தருபவர்கள் பத்திர நகல், மின்வாரிய ஒப்பந்தம், மூன்று வருட மாதாந்திர யூனிட் கணக்கு மூன்றையும் கொண்டு வாருங்கள். மில் நிற்கும் சர்வே எண்ணைப் பத்திரத்தோடு ஒத்துப் பார்த்துவிட்டு வாருங்கள். பாதிப் பேருக்கு உட்பிரிவு மாறியிருக்கிறது.