எந்த வேட்டைக்காரன்?

நடுவர் அவர்களுக்கும், வண்டி நிறுத்த இடம் தேடி மயிலாப்பூர் மாடவீதியைச் சுற்றிவிட்டு வந்திருக்கும் உங்களுக்கும் வணக்கம். சரணாலயங்களைக் காப்பது சட்டமா, சுற்றியிருக்கும் மக்களா என்பது தலைப்பு. "ஊர்க்காரனை நம்பினால் மானும் மிஞ்சாது, மயிலும் மிஞ்சாது" என்றார் எதிரணித் தலைவர். நானும் கைதட்டினேன், சொன்ன விதம் அப்படி. சொன்ன விஷயம்தான் இடிக்கிறது.

ஐயா, இங்கிருந்து தெற்கே எண்பது கிலோமீட்டருக்குள் வேடந்தாங்கல். அன்றைக்கு அங்கே பறவை சுடத் துப்பாக்கியோடு போனது யார்? குடியானவனா? வெள்ளைக்காரச் சிப்பாய். கலெக்டரிடம் போய் முறையிட்டவர்கள்தான் ஊர்க்காரர்கள். 1798-இல் கலெக்டர் லயோனல் பிளேஸ், பறவைகளைக் காக்கும் உரிமையை அவர்களுக்கே எழுதிக் கொடுத்தார். "அதுவும் சர்க்கார் காகிதம்தானே" என்று எதிரணியில் முணுமுணுக்கிறார்கள். காகிதம்தான். கேட்டு வாங்கியது யார்?

பறவைப் பாசம் மட்டுமா காரணம்? கொக்கும் நாரையும் கூழைக்கடாவும் இட்ட எச்சம் ஏரித் தண்ணீரில் கலந்து வயலுக்குப் பாய்ந்தது. உரச் செலவு மிச்சம். பறவை வந்தால் நெல் விளையும் என்று கண்ணால் பார்த்தவர்கள், தீபாவளிக்கு வெடி இல்லாமலும் இருந்துகொண்டார்கள். சர்க்கார் அதை முறைப்படி சரணாலயமாக ஏற்றது 1936-இல்!

வேட்டைக்கு வருகிறேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலி. பாம்பு பிடித்துத் தோல் விற்றுப் பிழைத்த இருளர்கள். 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, தோல் வியாபாரம் படுத்தது. வேண்டிய தடைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் சட்டம் அதோடு கைகழுவிவிட்டது. அடுப்பு எரியாத வீட்டில் சட்டப் புத்தகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? 1978-இல் கூட்டுறவுச் சங்கம் வந்தது. அதே பாம்பு, அதே கை. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கையும் அனுமதி வாங்கிப் பிடிக்கிறார்கள். சில வாரம் வைத்திருந்து விஷம் எடுத்துவிட்டுத் திரும்பக் கொண்டுபோய் விடுகிறார்கள். பாம்புக்கடி மருந்துக்குப் போகிறது அந்த விஷம். 2023-இல் இந்த இருளர்களில் வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் பத்மஸ்ரீ. எதிரணிக் கணக்கில் இவர்கள் வேட்டைக்காரர்கள்!

காட்டுப்பன்றிக்கு என்ன பதில் என்றார்கள். நியாயமான கேள்வி. நிலக்கடலை ஒரே ராத்திரியில் போனால் விவசாயி மின்வேலி போடுவான். அதில் யானையும் சாகும், மனிதனும் சாவான். ஆளுக்கொரு துப்பாக்கி கொடுங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. சுடத்தான் வேண்டுமென்றால் வனத்துறை சுடட்டும், எங்கே எத்தனை என்று ஊரையும் உட்காரவைத்துப் பேசிவிட்டு. இழப்பீடு அடுத்த விதைப்புக்கு முன்னால் கைக்கு வரட்டும்.

மணி அடித்துவிட்டீர்கள், முடிக்கிறேன். தென்சென்னையின் பள்ளிக்கரணை. அந்தச் சதுப்பு நிலத்தின் பெரும்பகுதி போனது பறவை பிடிக்கிறவனின் வலையிலா? குப்பைமேடு தின்றது, சாலை தின்றது, நம் அடுக்குமாடி தின்றது. (வேளச்சேரிக்காரர்கள் கைதூக்க வேண்டாம்.) அந்தத் தண்ணீரில் நமக்கும் பங்குண்டு என்று 2015 வெள்ளத்தில் அது நம் வீட்டுக் கூடத்துக்குள் வந்தபோதுதான் உறைத்தது. 1,247 ஹெக்டேரை, உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்த்தது 2022-இல். அடுத்துப் பேச வரும் எதிரணி அம்மையார் இதற்கு மட்டும் பதில் சொல்லட்டும்: அங்கே கட்டடம் கட்ட அனுமதி கொடுத்தது எந்த வேட்டைக்காரன்?

நன்றி, வணக்கம்.